பவுலின் ரசீது

'போதும்' என்ற சொல்லைக் கிறிஸ்துவத்திலிருந்து பிடுங்கி எறிந்துவிட வேண்டும் என்று இரண்டு கட்சிகள் புறப்பட்டிருக்கின்றன. ஒன்று சபைக்குள்ளேயே இருக்கும் ஆசீர்வாதக் கட்சி. விசுவாசிக்கு வீடும் காரும் வெளிநாட்டு வேலையும் வராவிட்டால் விசுவாசத்தில்தான் கோளாறு என்பது அதன் சித்தாந்தம். மற்றது நம் வட்டத்து நண்பர்கள் கட்சி. மனநிறைவு என்பது உள்ளவன் இல்லாதவனுக்கு எழுதித் தந்த தூக்க மருந்து என்று ஒரு வரியில் தீர்ப்பெழுதிவிட்டு அவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். முன்னவர்களுக்கு மேடையும் தொலைக்காட்சியும் உண்டு. பின்னவர்களுக்கு இந்த மாதிரிப் பத்திரிகைகள். இரு தரப்பும் மூலப் பிரதியைப் படிக்கவில்லை என்பது என் குற்றச்சாட்டு.

நான் இறையியல் படித்தவனல்ல. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ.; வங்கியில் கிளார்க். ரசீதைப் பார்த்தால் அது ரசீது என்று தெரியும், அவ்வளவுதான்.

மனநிறைவுக்கு எல்லோரும் காட்டும் ஆதாரம் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 4 ஆம் அதிகாரம். நம் பழைய புரொட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு அங்கே 'மனரம்மியம்' என்ற அழகான சொல்லைப் போடுகிறது. ஆனால் அந்த இடம் உபதேசம் அல்ல. சிறையில் இருக்கும் ஒருவனுக்கு பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் பொருள் கொடுத்தனுப்புகிறார்கள். கொண்டுவந்த மனிதர் நோயில் விழுந்து சாவின் வாசல்வரை போய்த் திரும்புகிறார். வந்து சேர்ந்ததற்கு எழுதிய பதில் இது. கிரேக்க மூலத்தில் வரும் சொற்கள் அப்பட்டமான கணக்குப் புத்தகச் சொற்கள்: கொடுக்கல் வாங்கல், உங்கள் கணக்கில் ஏறும் பலன் என்பவை. பெற்றுக்கொண்டேன் என்பதற்கு அவர் எழுதும் 'அபேகோ', அந்தக் காலத்து பாப்பிரஸ் ரசீதுகளில் தொகை முழுதும் வந்து சேர்ந்தது என்பதற்கு வழங்கிய சொல். மனரம்மியம் என்ற சொல் இந்த ரசீதின் நடுவில்தான் இருக்கிறது.

அதற்கு மூலத்தில் உள்ள சொல் ஸ்டோயிக்குகளுடையது. தன்னில் தானே நிறைந்தவன், பிறர் கையை எதிர்பாராதவன் என்று பொருள். அந்தச் சொல்லை எடுத்து, பிறர் கை நீட்டிக் கொடுத்ததற்கு ஒப்புக்கொள்ளும் கடிதத்தில் பவுல் வைக்கிறார். இருந்தபோதும் வாழத் தெரியும், இல்லாதபோதும் வாழத் தெரியும், ஆனாலும் நீங்கள் அனுப்பியது நல்ல காரியம் என்கிறார். ஸ்டோயிக் ஞானி இப்படி எழுதமாட்டான். அவன் பெருமை இடம் கொடுக்காது. ஆசீர்வாதப் பிரசங்கியும் எழுதமாட்டான். இல்லாதபோதும் வாழத் தெரியும் என்று அவன் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும்.

இங்கே நான் கவனிக்கச் சொல்வது இலக்கணம். 'நான் கற்றுக்கொண்டேன்' என்று பவுல் சொல்கிறார். தன்மை ஒருமை. சிறையில் இருப்பவன் தன்னைப் பற்றிச் சொல்வது. இதையே முன்னிலைக்கு மாற்றி, சம்பளம் கேட்கும் பள்ளி ஆசிரியையிடம் 'நீ மனரம்மியமாயிரு' என்றால், சொல் அதேதான், பொருள் தலைகீழ். முதலாவது சாட்சியம், இரண்டாவது நிர்வாகம். நண்பர்கள் தூக்க மருந்து என்று திட்டுவது இந்த இரண்டாவதை. அந்த அளவுக்கு அவர்கள் பக்கம்தான் நானும்.

முன்னிலையில் வேதத்தில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. லூக்கா 3 இல் யோவான் ஸ்நானகன், சம்பளம் போதுமென்று இருங்கள் என்கிறான். யாரிடம்? போர்ச்சேவகர்களிடம், ஆயுதத்தைக் காட்டி ஊராரிடம் பறிக்கக்கூடியவர்களிடம். தீமோத்தேயு முதல் நிருபம் 6 இல் போதுமென்ற மனம் பேசப்படுகிறது. எவரை எதிர்த்து? தேவபக்தியை வருமானத்துக்கு வழியாக்கியவர்களை எதிர்த்து. அதே அதிகாரம் முடியுமுன் ஐசுவரியவான்களுக்கு, நிலையில்லாத ஐசுவரியத்தை நம்பவேண்டாம் என்று கட்டளை வருகிறது. ஆக, 'போதும்' என்ற ஏவல் இங்கெல்லாம் பறிக்க முடிந்தவன் பக்கம் திரும்பியிருக்கிறது. பறிகொடுத்தவன் பக்கம் அல்ல. அதே 6 ஆம் அதிகாரம் அடிமைகளை எஜமானருக்கு அடங்கியிருக்கச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை. அந்த வசனங்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் அந்த வசனங்களை வைத்து மற்றதை ரத்து செய்வது படிப்பாகாது.

இனி மறுதரப்பு தெய்வம். 'மாமோன்' என்ற அரமேயச் சொல்லைச் சுவிசேஷகர்கள் கிரேக்கத்தில் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டார்கள். 1611 இன் ஆங்கில பைபிளும் விட்டுவைத்தது. தமிழில் அது 'உலகப்பொருள்' ஆயிற்று. பிற்பாடு பொது மொழிபெயர்ப்பில் 'செல்வம்' ஆயிற்று. பொருள் சரி, ஆனால் போட்டித் தெய்வத்தின் பெயர் போய்விட்டது. மாமோன், ஆமென் என்ற இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றே, நம்பத்தக்கது என்று பொருள்படும் வேர், என்று கருதும் அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள். அப்படியானால் விவகாரம் பணம் வைத்திருப்பது பற்றியதல்ல, 'ஆமென்' எதைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பது பற்றியது.

கவுன்ட்டருக்கு இப்பால் உட்கார்ந்திருப்பவனுக்கு இது கொஞ்சம் தெரியும். பணத்தைப் பயன்படுத்துகிறவர்கள் வருகிறார்கள்: பள்ளிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்க, விதைக்கு எடுக்க. பணத்தை நம்புகிறவர்களும் வருகிறார்கள். அவர்கள் எடுப்பதில்லை, பாஸ் புத்தகத்தில் வரி ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். 2016 நவம்பர் 8 ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போயின. அடுத்த வாரங்களின் வரிசையில் இரண்டு வகையினரும் நின்றார்கள். முதல் வகைக்கு அது கஷ்டம். இரண்டாம் வகையின் முகத்தில் இருந்தது கஷ்டமல்ல, தெய்வம் கைவிட்ட திகைப்பு. வங்கிக்கே இது தெரியும்: வைப்புத்தொகைக் காப்பீட்டின் உச்சவரம்பை 2020 இல் 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தினார்கள். நம்பிக்கைக்கு வரம்பு கட்டிய ஒரே மதம் இதுதான்.

ஆசீர்வாதக் கட்சியார் கடவுளை விட்டுப் பணத்தை நம்புகிறார்கள் என்று சொல்வது தவறு. அவர்கள் நம்புவது பணத்தை. கடவுளை அதற்கு ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறார்கள்.

பழைய ஸ்தாபனமும் சளைத்ததில்லை. அசிசியின் பிரான்சிஸ் தன் சகோதரர்களை நாணயத்தைத் தொடவேண்டாம் என்றார். அது ஒரு மனிதனின் தன்மை ஒருமை. சபை அதைச் சட்டமாக்க முயன்றபோது, துறவிகளுக்கு உடைமை எதுவும் இல்லை, அனுபவிப்பது மட்டும் அவர்கள், உரிமை போப்புடையது என்ற ஏற்பாட்டை 1279 இல் போப் மூன்றாம் நிக்கோலஸ் உறுதி செய்தார். நம் ஊர் பாஷையில் பினாமி. 1322 இல் போப் 22 ஆம் ஜான் அந்தப் பினாமிப் பதவியை உதறினார். 1323 இல், கிறிஸ்துவும் அப்போஸ்தலரும் தனியாகவோ பொதுவிலோ எதையும் உடைமையாக வைத்திருக்கவில்லை என்று விடாப்பிடியாகச் சொல்வதே மதத்துரோகம் என்று தீர்ப்பானது. சாட்சியம் நிர்வாகமானால் வந்து சேரும் இடம் இது.

நண்பர்கள் சிரிப்பதற்கு முன் நம் வீட்டையும் பார்க்கலாம். எலியட் 1917 முதல் 1925 வரை லாயிட்ஸ் வங்கியில் இருந்தார். 1922 இல் எஸ்ரா பவுண்ட், ஆளுக்கு வருஷம் 10 பவுனாக 30 பேரிடம் வசூலித்து அவரை வங்கியிலிருந்து மீட்க ஒரு திட்டம் போட்டார். எலியட்டுக்கு அது சங்கடமாயிற்று. அதே 1922 இல் 'தி வேஸ்ட் லேண்ட்' வந்தது; ஆள் அப்போதும் வங்கி ஊழியர்தான். பணம் வந்தால் கவிதை வரும் என்று நம்பியவர் பவுண்ட். நம்மவர்கள் அதையே திருப்பிப் போட்டு, பணம் இல்லாததால் தங்கள் கவிதை உண்மையானது என்று நம்புகிறார்கள். நூறு பிரதி விற்காததைப் பட்டயம் போல நெஞ்சில் குத்திக்கொண்டு திரிவதும் மாமோன் வழிபாடுதான். இருப்பு பூஜ்யமானால் என்ன, கண் அந்தக் கணக்கின் மேல்தானே இருக்கிறது? எழுத்துக்கு சாட்சி எழுத்து. பையின் கனமும் அல்ல, வெறுமையும் அல்ல.

பவுலின் ரசீதுக்கு வருகிறேன். வாக்குத்தத்த அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் 4 ஆம் அதிகாரத்தின் 13 ஆம் வசனம் அச்சாகிறது: எல்லாம் செய்ய பலன் உண்டு என்பது. 19 ஆம் வசனம் அச்சாகிறது: குறையெல்லாம் நிறைவாகும் என்பது. இரண்டுக்கும் நடுவே 14 முதல் 18 வரை, யார் அனுப்பினார்கள், எத்தனை தடவை அனுப்பினார்கள், யார் கொண்டுவந்தார் என்ற வரவு இருக்கிறது. அதை அச்சிட யாருக்கும் மனமில்லை. அங்கே அற்புதம் எதுவும் இல்லை, ஒருவன் கஷ்டத்தில் இன்னொருவன் பங்கு எடுத்தது மட்டும் இருக்கிறது.

அடுத்த தடவை சம்பளம் கேட்ட உபதேசியாரை உட்கார வைத்து மனரம்மியம் வாசிக்கிற கமிட்டி, 13 இல் புத்தகத்தை மூடாமல் 18 வரை வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும், தாங்கள் அவருக்கு என்ன அனுப்பினார்கள் என்று சொல்லட்டும்.