கோமாளி மீனும் தமிழில் அறிவியலும்



பிரிக்பீல்ட்ஸ் பிள்ளையாயினும் கிள்ளான் பிள்ளையாயினும், மீன்காட்சியகத்தில் வெண்பட்டை தாங்கிய செம்மஞ்சள் மீனைக் கண்டதும் 'நீமோ' என்று கூவுவது வழக்கமாகிவிட்டது. அது 2003இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தின் பாத்திரப் பெயரே, மீனின் பெயரன்று. தமிழில் இது கோமாளி மீன். மலாயில் 'இக்கான் பாடுட்'. பாடுட் என்றாலும் கோமாளிதான். ஏறத்தாழ 30 இனங்கள் உள்ளன. நம் ரெடாங், தியோமான் தீவுகளின் பவளப்பாறைகளிலும் இவை வாழ்கின்றன.

கொட்டும் இழைகளையுடைய கடற்சாமந்தியே இம்மீனின் வீடு. உடலைப் போர்த்திய சளிப்படலம் அதனை நஞ்சிலிருந்து காக்கிறது. கைம்மாறாக, கடற்சாமந்தியைக் கடிக்க வரும் மீன்களை அது விரட்டுகிறது. இக்கூட்டத்தின் தலைமை பெண்ணுக்கே. அப்பெண் இறந்தால், அதன் இணையான ஆண் பெண்ணாக மாறிவிடும்! தாயை இழந்த நீமோவின் தந்தையும் இயற்கையில் தாயாகியிருக்க வேண்டும். திரைப்படம் இதனைச் சொல்லவில்லை.

மேற்கண்ட அறிவியலைச் சொல்லத் தமிழ் எங்கேனும் தடுமாறிற்றா?

2003இல் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியல் பாடம் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டது. பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டது. 2016இல் டிஎல்பி எனும் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது அதே வழக்கு மீண்டும் எழுந்தது. ஆங்கிலம் வேண்டாம் என்பது என் கருத்தன்று. ஆனால், ஆங்கிலப் பெயரை அறிவது வேறு, அறிவியலை அறிவது வேறு. 'ஏன்', 'எப்படி' என்னும் வினாக்கள் பிள்ளைக்கு வீட்டுமொழியில்தான் முதலில் பிறக்கின்றன.

அடுத்த முறை பிள்ளை 'நீமோ' என்றால் திருத்த வேண்டா, "கொட்டும் இழைகளுக்குள் அது எப்படி வாழ்கிறது?" என்று தமிழில் கேளுங்கள். அங்கே தொடங்கும் பாடம்.