ஏழையின் கொடையைக் கணக்கில் எழுதியவர்கள்

ஜோகன்னஸ்பர்க் நகரின் பார்க்டவுன் பகுதியில் ஒரு காலத்தில் தங்கச் சுரங்க முதலாளிகள் மாளிகை கட்டி வாழ்ந்தார்கள். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி இப்போது அங்கேதான் இயங்குகிறது. அதற்குள் ஆப்பிரிக்கக் கொடைக்கும் சமூக முதலீட்டுக்குமென ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. அந்தக் கண்டத்தில் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள், எதற்காக, எந்த முறையில் என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. முதலில் ஒரே ஒரு பேராசிரியர் இருக்கையாகத் தொடங்கியது. பிறகு மையமாக வளர்ந்தது.

அதன் இயக்குநர் பெகின்கோசி மோயோ ஜிம்பாப்வேக்காரர். டாக்கரைத் தலைமையிடமாகக் கொண்ட டிரஸ்ட் ஆப்பிரிக்கா அறக்கட்டளையில் பணியாற்றியவர். பின்னர் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் வறுமை ஒழிப்புக்காக இயங்கும் சதர்ன் ஆப்பிரிக்கா டிரஸ்ட்டுக்குத் தலைமை ஏற்றார். நிதி கேட்டு வருபவர்களின் வரிசையையும் நிதி தருபவர்களின் மேசையையும் நேரில் கண்டவர் என்பதால், அவருடைய கேள்விகள் புத்தகத்திலிருந்து மட்டும் பிறந்தவை அல்ல. 2013இல் நைஜீரியச் சமூகவியலாளர் டாடே அகின் அய்னாவுடன் சேர்ந்து ஆப்பிரிக்கக் கொடையின் சூழலையும் அரசியலையும் பேசும் பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார். கொடையில் அரசியல் இருக்கிறது என்று சொல்லவே அன்று துணிவு வேண்டியிருந்தது. பணம் தருபவரே திட்டத்தையும் தீர்மானித்தால், பெறும் ஊர் தன் தேவையைச் சொல்லும் உரிமையை இழக்கிறது. அந்த நூல் எழுப்பிய கவலை இன்றும் அப்படியே இருக்கிறது.

மையத்துக்கு வித்திட்ட அந்தப் பேராசிரியர் இருக்கையில் முன்னர் பணியாற்றிய ஆலன் ஃபௌலரின் பாதை வேறு. ஆக்ஸ்ஃபோர்டில் தொண்டு நிறுவனங்களுக்கான பயிற்சி, ஆய்வு அமைப்பான இன்ட்ராக்கைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். ஆப்பிரிக்காவில் நீண்ட காலம் பணியாற்றியவர். சூசன் வில்கின்சன்-மபோசா முதலானோருடன் அவர் இணைந்து எழுதிய ஓர் ஆய்வு நூல் 2005இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. இந்தத் துறையின் போக்கையே அது மாற்றியது என்பது மிகையல்ல.

அந்த ஆய்வாளர்கள் மொசாம்பிக், நமீபியா, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே ஆகிய நான்கு நாடுகளிலும் ஏழை மக்களைக் கூட்டி உட்கார வைத்துப் பேசினார்கள். உங்களுக்கு யார் உதவுகிறார்கள் என்பதோடு நிறுத்தாமல், நீங்கள் யாருக்கு உதவுகிறீர்கள் என்றும் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு படி மாவு, நோயாளியிடம் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பது, உழவுக்கு ஒரு நாள் உடலுழைப்பு, பள்ளிக் கட்டணத்துக்குச் சிறு தொகை என்று பதில்கள் வந்தன. அவற்றுக்குப் பின்னால் எழுதப்படாத விதிகள் இருந்தன. யாரிடம் கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம், பெற்றவர் பின்னாளில் என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செல்வந்தர் மேலிருந்து தருவது ஒரு வகை, இல்லாதவர்கள் தங்களுக்குள் பக்கவாட்டில் பகிர்வது இன்னொரு வகை என்று அந்த நூல் பிரித்துக் காட்டியது. இரண்டாவது வகை அதுவரை அறக்கட்டளைகளின் ஆண்டறிக்கைகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

கென்யச் சமூகவியலாளர் ஜேக்கப் மதியும் ஃபௌலரும் 2019இல் எழுதிய கட்டுரை இந்த வாதத்தை மேலும் கொண்டுசென்றது. மேற்கத்திய அறக்கட்டளைகளின் அளவுகோலை மட்டும் வைத்து அளந்தால் ஆப்பிரிக்காவின் கொடையில் பெரும்பகுதி கண்ணில் படாது என்பது அவர்கள் கருத்து.

அது சரியான கருத்து. தென்னாப்பிரிக்காவின் ஸ்டாக்வெல்லையே பாருங்கள். நம்மூர்ச் சீட்டைப் போல மாதாமாதம் பணம் போட்டு முறை வைத்து எடுத்துக்கொள்ளும் குழுக்கள். ஈமச்செலவுக்கென்றே சேர்ந்தவையும் உண்டு. எட்டு லட்சம் குழுக்கள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் என்கிறது ஸ்டாக்வெல்களின் தேசியச் சங்கத்தின் கணிப்பு. எத்தியோப்பியாவில் ‘இத்திர்’ எனப்படும் சங்கங்கள் சாவு வீட்டுக்குக் கூடாரமும் பாத்திரமும் சாப்பாடும் கொண்டுவந்து சேர்ப்பவை. எய்ட்ஸ் பரவிய காலத்தில் அவற்றில் பல, நோயாளிகளையும் பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் கவனிக்கும் பொறுப்பையும் ஏற்றன.

இதையெல்லாம் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் ஆய்வு ஆகாது. கென்யாவின் ஹராம்பி இயக்கத்தைப் படிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1963இல் விடுதலை கிடைத்ததும் ஜோமோ கென்யாட்டா அதை நாட்டின் முழக்கமாக்கினார். ஊர் மக்கள் காசும் கல்லும் உழைப்பும் தந்து நூற்றுக்கணக்கான பள்ளிகளைக் கட்டினார்கள். பிறகு அதே மேடைகளில் அரசியல்வாதிகள் கட்டுக்கட்டாகப் பணம் கொடுத்து வாக்குச் சேர்த்தார்கள். அரசு அலுவலர்கள் வழியாகக் கட்டாய வசூலும் நடந்தது. 2024இல் இளைஞர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, அரசுப் பதவியில் இருப்பவர்கள் ஹராம்பி நிகழ்ச்சிகளில் பங்கேற்கக் கூடாது என்று அதிபர் ரூட்டோ அறிவிக்க வேண்டியதாயிற்று. நல்ல மரபு எந்த இடத்தில் கெடுகிறது என்று சொல்லவும் ஆய்வாளர் தேவை.

ஆப்பிரிக்க மண்ணில் கொடை ஆய்வுக்கென ஒரு மையம் அமைந்தது ஜோகன்னஸ்பர்க்கில்தான் முதன்முறை என்று சொல்ல முடியாது. கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகம் தன் முன்னாள் தலைவர் ஜான் கெர்ஹார்ட்டின் பெயரில் 2006இல் கொடைக்கான மையத்தைத் தொடங்கியது. அதன் முதல் இயக்குநரான சமூகவியலாளர் பார்பரா இப்ராகிம், அரபு நாடுகளின் கொடை மரபை ஆராய்ந்து நூலாக்கினார்.

இந்தப் படிப்பு இன்று அவசரத் தேவை. 2025 ஜூலை 1 அன்று அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் தனி நிறுவனமாக இயங்குவது நின்றது. அதன் பணத்தை நம்பியிருந்த மருத்துவமனைகளும் பள்ளிகளும் தவித்தன. மறுபுறம், வெளிநாடுகளில் உழைப்பவர்கள் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளுக்கு 2023இல் அனுப்பிய தொகை சுமார் 5,400 கோடி டாலர் என்கிறது உலக வங்கி. பெரும்பாலும் தாய்க்கும் தம்பிக்கும் ஊருக்கும் அனுப்பிய பணம் அது. பணம் கண்டத்துக்குள்ளேயே இருக்கிறது, வந்துகொண்டும் இருக்கிறது. அது எந்த வழியில் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, மாத்திரைக்கும் மருத்துவருக்கும் அதில் எவ்வளவைத் திருப்ப முடியும் என்று சொல்ல ஆள் வேண்டும். ஒரு நாட்டின் உதவி ஒரே ஆணையில் நிற்கும்போது வேறு எதைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பலாம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவும் ஆள் வேண்டும்.

அந்த ஆட்களை உருவாக்கும் செலவை வெளிநாட்டு அறக்கட்டளைகளிடம் விட்டுவிடக் கூடாது. தென்னாப்பிரிக்கச் சுரங்க அதிபர் பாட்ரிஸ் மொட்செபெ 2013இல் தன் குடும்பச் சொத்தின் வருவாயில் பாதியைத் தருவதாக உறுதி அளித்தார். நைஜீரியாவின் டோனி எலுமெலு தொழில்முனைவோருக்காகப் பத்துக் கோடி டாலர் ஒதுக்கினார். இத்தகைய செல்வந்தர்கள் ஆய்வு இருக்கைகளுக்கும் கொடுக்க முன்வர வேண்டும். அப்படிக் கொடுக்கும்போது, தங்களையே விமரிசிக்கும் உரிமையை ஆய்வாளர்களுக்கு எழுத்தில் தர வேண்டும். அந்த உரிமை இல்லாத மையத்துக்குப் பணம் தருவதை விட, ஊர் ஸ்டாக்வெல்லில் போடுவது மேல்.