கடுகண்ணாவை ஏற்றமும் முந்நூறு குதிரைகளும்

சென்ற மாதம் கண்டியில் ஒரு கல்யாண வீடு. மதிய உணவு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்த வேளையில், ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மருமகன் ஒருவன் தீர்ப்பொன்றை வழங்கினான். "மாமா, ஸ்போர்ட்ஸ் காரின் காலம் முடிந்துவிட்டது. அது தருகிற அத்தனை சுகத்தையும் இன்றைய ஹொட் ஹட்ச் தருகிறது. அதற்கு மேல் நான்கு பேர் இருக்கலாம், பெட்டியும் வைக்கலாம். இரண்டு ஆசனக் காரை இன்னும் வாங்குகிறவனுக்குப் பணம் கூடிப்போய்விட்டது என்றுதான் அர்த்தம்."

சூழ இருந்த இளைஞர் எல்லோரும் தலையாட்டினர். மணவீட்டில் வாதாடுவது அழகன்று என்று வாய்மூடி வந்துவிட்டேன். இங்கே அந்தக் கட்டுப்பாடு எனக்கில்லை. மருமகன் சொன்னது தவறு. தவறு மாத்திரமன்று, எமது மலைநாட்டு வீதிகளில் அது ஆபத்தானதும் கூட.

வாகன மொழி அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். பின்கதவு மேலே தூக்கித் திறக்கும் குடும்பச் சிறு காரை எடுத்து, அதற்குள் வலுக்கூடிய இயந்திரத்தைப் பொருத்தி, அடியை இறுக்கி விற்றால் அது ஹொட் ஹட்ச். ஓட்டும் இன்பம் ஒன்றையே கருதி, முதற் கோட்டிலிருந்தே அதற்கென வரையப்பட்டது ஸ்போர்ட்ஸ் கார். முன்னதில் பெரும்பாலும் முன்சில்லுகள் இழுக்கும். பின்னதில் பெரும்பாலும் பின்சில்லுகள் தள்ளும். தகராறின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஹொட் ஹட்ச்சின் குலப் பெருமையை நான் மறுக்கவில்லை. அலெக் இஸிகோனிஸ் வரைந்த மினியை ஜோன் கூப்பர் கைதொட்டதும், 1964இலும் 1965இலும் 1967இலும் மொன்டி கார்லோ பந்தயத்தில் அந்தச் சின்னஞ்சிறு கார் பெரிய கார்களை வென்றது. 1976இல் விற்பனைக்கு வந்த முதல் கோல்ஃப் ஜி.டி.ஐ. 110 குதிரை வலு கொண்டது. எடை ஏறத்தாழ 810 கிலோ. 1984இல் பீஜோ 205 ஜி.டி.ஐ. வந்தது. இவற்றை ஓட்டியவர்கள் இன்றும் கண்ணில் ஒளியோடு பேசுவதற்குக் காரணம் உண்டு. ஆனால் அந்தக் காரணம் வலுவன்று, இலேசு. மருமகன் மெச்சும் இன்றைய வாரிசுகளுக்கு அந்தக் குணம் கைவரவில்லை. 2022இல் வந்த சிவிக் டைப்-ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். முந்நூறு குதிரைக்கு மேல். 1,400 கிலோவுக்கும் மேல். பாட்டன் சொத்தைச் சொல்லிப் பேரன் கடன் கேட்பதுபோல, பழைய கோல்ஃபின் பெயரைச் சொல்லிப் புதிய பாரவண்டிகளை விற்கிறார்கள்.

சரி, புத்தகக் கணக்கை விட்டு வீதிக்கு வருவோம்.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் மாவனல்லையைத் தாண்டியதும் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கும். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820இல், இவ்வீதி வெட்டத் தொடங்கினார்கள். அதை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் ஏற்றத்தின் உச்சியில் இன்றும் நிற்கிறது. குடைந்த பாறையும் அருகே இருக்கிறது. மாட்டு வண்டிக்கும் குதிரைப் படைக்கும் வகுத்த வளைவுகள் இவை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், நடுவில் பஸ், லொறி, முச்சக்கர வண்டி, பள்ளிப் பிள்ளைகள். அதிவேக நெடுஞ்சாலை இன்னமும் கண்டியை எட்டவில்லை. சட்டம் அனுமதிப்பது ஊர்மனைக்குள் மணிக்கு 50 கி.மீ., வெளியே 70. ஏற்றத்தில் அதுவும் கிடைப்பது அரிது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எந்தக் கார் 200இல் சுகம் தருகிறது என்பதன்று. எந்தக் கார் 40இல் பேசுகிறது என்பதே.

பேராதனையில் நண்பர் ஒருவரிடம் பழைய மஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்று இருக்கிறது. 1989இல் வெளிவந்த முதற் தலைமுறை. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது, 1.6 லீற்றர் இயந்திரம். எடை ஆயிரம் கிலோவைத் தொடாது. அதில் அமர்ந்தால் இடுப்பு நிலத்தை உரசுவதுபோல் இருக்கும். பின்னச்சு முதுகுக்குச் சற்றுப் பின்னே. கடுகண்ணாவையில் அதை ஒரு காலைப்பொழுதில் ஏற்றினேன். 40இல் காற்று முகத்தில் அறைந்தது. ஈரமான இடத்தில் டயர் இலேசாக நழுவியபோது ஸ்டியரிங் அதை உள்ளங்கைக்குச் சொன்னது. இடுப்புக்கு ஆசனம் சொன்னது. வளைவில் நான் பிழை விட்டால் அது பிழையாகவே தெரிந்தது. மேலே கோபுரத்தடியில் நிறுத்தியபோது நெஞ்சு படபடத்தது. முழு ஏற்றத்திலும் நான் சட்டத்தை மீறவில்லை.

இதற்கு மந்திரம் ஏதும் இல்லை, பாரத்தின் கணக்குத்தான். ஏற்றத்தில் காரின் பாரம் பின்னே சாய்கிறது. இழுப்பது முன்சில்லுகளானால், பிடிப்பு மிக வேண்டிய அந்தக் கணத்திலேயே அவற்றின்மீது பாரம் குறைந்துவிடுகிறது. கொண்டை வளைவில் உள்பக்கத்து முன்சில்லு வெறுமனே சுழலும். ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். ஒரே சோடிச் சில்லுகளிடம் திரும்பு என்றும் இழு என்றும் இரண்டு வேலை சொன்னால் வேறென்ன நடக்கும்? பின்சில்லு தள்ளுகிற காரிலோ சாய்கிற பாரம் தள்ளுகிற சில்லுக்கே துணையாகிறது. முன்சில்லு தன் ஒரே வேலையாகிய திரும்புதலைச் செய்துகொண்டு, அதன் சேதியைக் கைக்கு அனுப்புகிறது. விசேட டிபரன்ஷலும் மின்னணு மூளையும் வைத்து ஹொட் ஹட்ச் இந்தக் குறையை மூடுகிறது என்பார்கள். உண்மை, மூடுகிறது. மூடப்பட்டது குறை மட்டுமன்று, சேதியும் கூட.

இறக்கத்தில் கதை வேறு. பாரம் முன்னே வரும், பின்புறம் இலேசாகும். வளைவு நடுவே அஞ்சி அக்சிலரேட்டரைச் சட்டென விட்டால் வால் சுழற்றுவது பழைய ஹொட் ஹட்ச்சின் பேர்போன குணம். எம்.எக்ஸ்-5உம் சுழற்றும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஆயிரம் கிலோவுக்குள் இருக்கிற கார் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்கிறது.

மற்ற அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். உறவினர் ஒருவரின் புதிய ஹொட் ஹட்ச். எந்தக் கம்பனி என்பது வேண்டாம். மகியங்கனை வீதியில் தெல்தெனியாவைக் கடந்து ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தோம். ஓட்டியவன் நான். கண்ணாடி பூட்டி, குளிரூட்டி போட்டு, பின்னே இருந்த சிறுமி உறங்கிப்போயிருந்தாள். 50இல் போகிறேன் என்றுதான் என் உடம்பு சொன்னது. முள்ளைப் பார்த்தேன்: 85. அடுத்த வளைவில் பாதி வீதியை அடைத்துக்கொண்டு பஸ் ஒன்று இறங்கி வந்தது. பிரேக் நல்ல பிரேக், நின்றுவிட்டோம். சிறுமி விழிக்கவே இல்லை. காரைப் புகழ வேண்டிய இடம் இது என்பார் சிலர். எனக்கு அன்று கை நடுங்கியது. அந்தக் கார் எனக்கு உணர்வு தரவில்லை. உணர்வை என்னிடமிருந்து ஒளித்துவைத்தது.

இங்கேதான் என் வழக்கு நிற்கிறது. ஓட்டும் உணர்வு என்பதைப் பணக்காரர் வீட்டு ஆடம்பரம் என்று எண்ணுகிறார்கள். இல்லை ஐயா, அது எச்சரிக்கை. கால்நடையாகப் போகிறவனுக்குப் பாதம் எதுவோ, ஓட்டுகிறவனுக்கு அது அது. முந்நூறு குதிரையைச் சந்தடியில்லாத பெட்டிக்குள் வைத்துத் தருகிறவர்கள், உணர்வு வேண்டுமென்றால் இன்னும் வேகமாகப் போ என்று இளைஞனுக்குச் சொல்கிறார்கள். அந்தக் கார் 120இல்தான் வாய் திறக்கும். எமது வீதியில் 120 என்பது யாருடைய பிள்ளையின் தலையில் முடியும்?

ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பால் மகியங்கனைக்கு இறங்கும் 18 வளைவை எல்லோரும் அறிவர். வீதியைப் புதுப்பித்தபோது வளைவு ஒன்று குறைந்தது, பெயர் குறையவில்லை. அங்கே நேரம் பார்த்து ஓட்டி நண்பர்களிடம் பெருமை பேசும் பிள்ளைகளை நானறிவேன். வேகம் வேண்டுமானால் அதற்குரிய களங்கள் நாட்டில் உண்டு. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்தையில் ஓடுதளம் இருக்கிறது. களத்திலும் வேகம் விளையாட்டுப் பொருளன்று: தியத்தலாவை பொக்ஸ்ஹில்லில் 2024 ஏப்ரல் 21 அன்று ஓடுபாதையை விட்டு விலகிய காரினால் ஏழு பேர் உயிரிழந்தனர். ஒழுங்குசெய்த களத்திலேயே இந்த நிலையென்றால், பஸ் வரும் வளைவில் என்ன சொல்ல?

எதிர்வாதங்கள் உண்டு. ஒதுக்கிவிடமாட்டேன்.

மழை என்பார்கள். கண்டியின் மழையில் நாற்சில்லும் இழுக்கும் டொயோட்டா ஜி.ஆர். யாரிஸ் போன்றது பிடிப்பில் வெல்லும், ஒப்புக்கொள்கிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் எமது மலைகளைச் சரித்தபின், வீதி என்ற பெயரில் எஞ்சியவற்றில் தாழ்ந்த ரோட்ஸ்டரைக் கொண்டுபோகச் சொல்பவனும் அல்லன் நான். ஆனால் கூடிய பிடிப்பு கூடிய வேகத்தை அழைக்கும். அது போகும்போது சொல்லாமல் போகும்.

குடும்பம் என்பார்கள். உண்மை, அம்மாவை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக இரண்டு ஆசனம் போதாது. அதற்குச் சாதாரண சிறு கார் போதும். அவள் அந்த முந்நூறு குதிரையைக் கேட்கவில்லை.

விலை என்பார்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியாருக்கு 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். பெற்றோல் கார்களுக்கான உற்பத்தி வரி இயந்திரத்தின் கன சென்டிமீற்றரை எண்ணுகிறது. அந்த வரிக்கு இலேசும் தெரியாது, உணர்வும் தெரியாது. இவ்விலையில் இரண்டுமே சாமானியனுக்கு எட்டாக்கனி. எட்டாத கனிகளுள் ஒன்றை மட்டும் சிக்கனம் என்று அழைப்பது வேடிக்கை.

நடுநிலைக்காக இன்னொன்று. ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயர்ப்பலகை மாட்டியவை எல்லாம் புனிதமில்லை. ஒன்றரைத் தொன் எடையும் ஐந்நூறு குதிரையும் கொண்டு வருகிற செல்வச் சின்னங்களும் இதே குற்றத்தைத்தான் செய்கின்றன. அவற்றுக்கும் என் தீர்ப்பு அதுவே. மறுபுறம், 810 கிலோ கோல்ஃப் ஒன்றை எவரேனும் கொண்டுவந்தால் எம்.எக்ஸ்-5க்குப் பக்கத்தில் மரியாதையோடு நிறுத்துவேன்.

மருமகனுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரும்போது ஒரு காலை எனக்குத் தா. பேராதனை நண்பரிடம் சாவி வாங்கி வைக்கிறேன். மாவனல்லையிலிருந்து கோபுரம்வரை நீ ஓட்டு. முள் 50ஐத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. மேலே தேநீர்க் கடையில் இருந்து பேசுவோம். அப்போதும் ஸ்போர்ட்ஸ் காரின் காலம் முடிந்துவிட்டது என்று நீ சொன்னால், தேநீருக்கு நான் காசு கொடுக்கிறேன்.