தள்ளுபடி செய்த பாக்கியை எப்படி விற்றீர்கள்?

மதிப்பிற்குரிய வங்கித் தலைவர் அவர்களுக்கு,

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் செக்கிங், பேக்கிங் வேலை எடுத்துச் செய்யும் சிறிய யூனிட் ஒன்றை நடத்துகிறேன். தங்கள் வங்கியின் கிரெடிட் கார்டைப் பல ஆண்டுகள் தவணை தவறாமல் பயன்படுத்தியவன். வங்கியின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்த மடலை வாசிப்பவர்களில் பலருக்கு அவரவர் வங்கியே நினைவுக்கு வரும் என்பதுதான் காரணம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, ஆர்டர் நின்றது. ஆகஸ்ட் 31 வரை தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது, கார்டு பாக்கிக்கும் சேர்த்து. தள்ளிப்போனது தவணை மட்டும்தான். வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. மாதம் மூன்றரை சதவீதம் என்று சொன்னால் சிறிதாகத் தெரியும், ஆண்டுக்கு அது 42 சதவீதம். எண்பதாயிரமாக இருந்த என் பாக்கி, தாமதக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் ஏறி, மூன்று ஆண்டுகளில் இரண்டரை லட்சத்தைத் தொட்டது. அப்போதும் கட்ட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. கட்டக்கூடிய தொகையைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டேன்.

2023 கடைசியில் தங்கள் வசூல் பிரிவிலிருந்து ஒருவர் அழைத்தார். "ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கட்டிடுங்க சார். மீதியைத் தள்ளுபடி பண்ணிடறோம், அக்கவுண்ட் குளோஸ் ஆயிடும்" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். இதை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டதற்கு, "பணம் ஏறினதும் மெயில்ல வந்துடும்" என்றார். வீட்டு நகையை அடகு வைத்து, அவர் சொன்ன கெடுவுக்குள் கட்டினோம். ரசீது வந்தது. அதில் தொகை இருந்தது, தேதி இருந்தது. மீதி தள்ளுபடி என்ற வரி மட்டும் இல்லை. கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம் என்றார்கள். பிறகு அந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை.

2025-ல் முன்பின் தெரியாத ஒரு நிறுவனம் அழைத்தது. என் கடனைத் தங்களிடமிருந்து விலைக்கு வாங்கிவிட்டதாகவும், மீதித் தொகையை வட்டியோடு இனித் தன்னிடம் கட்ட வேண்டும் என்றும் சொன்னது.

ஐயா, ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். சமரசத் தீர்வு பற்றி ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8 அன்று ஒரு நெறிமுறை வெளியிட்டது. கடன் வாங்கியவரோடு பேசி முடித்து, அவர்மீதான உரிமைகோரலைப் பணமாகப் பெற்று முழுமையாகத் தீர்த்துக்கொள்வதுதான் சமரசத் தீர்வு என்கிறது அது. வங்கி எவ்வளவு விட்டுக்கொடுக்கிறதோ, அந்த அளவுக்கு அதன் உரிமையும் முடிந்துபோகிறது. முடிந்துபோன உரிமையைத் தங்கள் வங்கி எதை வைத்து விற்றது? வாங்கியவர் எதை வாங்கினார்? தங்கள் வங்கியிடம் எழுதிக் கேட்டேன். கடன் விற்கப்பட்டுவிட்டது, இனி அவர்களிடம் பேசுங்கள் என்று பதில் வந்தது. என் பணத்தை வாங்கிக்கொண்டது தாங்கள். பதில் சொல்ல வேண்டியவர் வேறு யாரோ என்கிறீர்கள்.

வசூலுக்கு வந்தவர்கள் ஈரோட்டில் இருக்கும் என் தங்கையை இரவு எட்டரைக்கு அழைத்தார்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரையே அழைக்கக் கூடாது, குடும்பத்தாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. என் தங்கை தங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கியவள் அல்ல.

இன்னொன்றும் உண்டு. குறைத்துக் கட்டினால் சிபில் அறிக்கையில் கணக்கு 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் வரும் என்பதையும், அந்தக் குறிப்பு ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்பதையும் பேரம் பேசியபோது தங்கள் தரப்பில் யாரும் சொல்லவில்லை. மெஷின் வாங்கக் கடன் கேட்டுப் போன இடத்தில்தான் தெரிந்துகொண்டேன். முன்பே சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கடன் பட்டாவது முழுதாகக் கட்டுவதா என்று யோசித்திருப்போம். அந்த வாய்ப்பைத் தங்கள் மௌனம் பறித்தது.

தொலைபேசியில் பேசியதைத் தங்கள் வங்கி பதிவு செய்கிறது. ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் அதைச் சொல்கிறீர்கள். என் அழைப்பின் பதிவை எடுத்துக் கேளுங்கள். பேசியது உண்மையானால், பாக்கி இல்லை என்ற சான்றை எனக்குத் தாருங்கள். விற்றதைத் திரும்பப் பெறுங்கள். இனி எவரிடமும் தீர்வுக் கடிதம் கொடுக்காமல் முதல் ரூபாயைக்கூட வாங்காதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: தொகை, கெடு, மீதி தள்ளுபடி, இந்த மூன்றும் வங்கியின் கடிதத்தில் வரும்வரை பணம் கட்டாதீர்கள். தகராறு வந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் வாடிக்கையாளர் ஒருவன்,
திருப்பூர்