நர்சுகளுக்குப் பூமாரி போதுமா?

ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய நியாயமான கூலியைக் கொடுக்க மனமில்லாதபோது அவரைத் தெய்வமாக்கி விடுவது நம் நாட்டுப் பழைய தந்திரமாகும். பெண்ணை லட்சுமி என்பார்கள்; சட்டப்படி அவளுக்குள்ள சொத்துப் பங்கைக் கேட்டாலோ முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள். அந்தத் தெய்வப் பட்டம் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கும் கிடைத்திருக்கிறது. கொரோனா நோய்க் காலத்தில், 2020-ம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி, ஆகாயப் படை ஹெலிகாப்டர்களைக் கொண்டு ஆஸ்பத்திரிகளின் மேல் பூமாரி பொழிந்தார்கள். அதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பூவைக் கொண்டு எந்த நர்சாவது வீட்டு வாடகை கொடுக்க முடிந்ததா என்றுதான் கேட்கின்றோம்.

நர்சு வேலைக்கு இரக்கம் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கின்றார்கள். இவர்கள் அவசர சிகிச்சைப் பகுதியில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கட்டும். ஒரே சமயத்தில் பத்துப் பேரைக் கொண்டு வந்து போட்டால், யாரை முதலில் கவனிப்பது? கூச்சல் போடுகிறவனையா, பேச்சு மூச்சில்லாமல் கிடப்பவனையா? நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு ஆகியவைகளைப் பார்த்துச் சில நிமிஷங்களில் முடிவு செய்ய வேண்டும். மார்வலி என்று வந்தவனுக்குப் பத்து நிமிஷத்திற்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். இருதயம் நின்று போனவனுக்கு மார்பை நிமிஷத்திற்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குல ஆழம் அமுக்க வேண்டும். இது கருணையா, கல்வியா?

பாம்புக் கடியையே எடுத்துக் கொள்ளுவோம். மந்திரக்காரன் வேப்பிலை அடித்துக் கொண்டிருக்கும் நேரத்தில், நர்சு கொஞ்சம் ரத்தத்தை எடுத்துச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசையாமல் வைக்கின்றாள். அது உறையாவிட்டால் ரத்தத்தில் விஷம் ஏறியிருக்கிறதென்று தெரிந்து, விஷமுறிவு மருந்து ஏற்றப்படுகிறது. குழாய் அழுக்காகவோ ஈரமாகவோ இருந்தால் சோதனையே பொய்த்துப் போகும். ஓர் உயிர், குழாய் கழுவத் தெரிந்த கையில் இருக்கிறது!

இந்தத் தேர்ச்சி பிறவியில் வருவதல்ல; படித்துப் பழகி வருவது. அமெரிக்காவில் அவசர சிகிச்சை நர்சுகள் 1970-ல் தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள்; 1980 முதல் அத்துறைக்கென்றே தனிப் பரீட்சையும் நடந்து வருகிறது. நம் நாட்டிலும் நர்சிங் கவுன்சில் அவசர சிகிச்சைக்கென ஒரு வருஷ டிப்ளமாவும், தீவிர சிகிச்சைக்கென இரண்டு வருஷ மேற்படிப்பும் வகுத்திருக்கிறது. ஆனால் படித்து வந்தவளுக்குப் படிக்காதவளுக்குள்ள அதே சம்பளமும் அதே ஸ்தானமுமே என்றால், அவள் எதற்காகப் படிக்க வேண்டும்? பழகிய கையை ஆறு மாதத்தில் வேறு வார்டுக்கு மாற்றிவிட்டால், நஷ்டம் அவளுக்கா, அடிபட்டு வருகிறவனுக்கா?

நிற்க, 2015-ல் தமிழ்நாட்டில் சர்க்கார் தேர்வு வாரியத்தின் மூலம் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட நர்சுகளுக்கு ஆரம்பத்தில் கொடுத்தது மாதம் 7,700 ரூபாய்! 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் கூடிப் போராடிய பிறகே நாட்டாருக்கு இது தெரிந்தது. “சேவைக்கு விலையா?” என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்களில் சம்பளம் வாங்காமல் சேவை செய்தவர் எத்தனை பேர்?

ஆகவே நர்சுத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது, “தேவதை” என்னும் பட்டத்தில் மயங்காதீர்கள். வருஷத்திற்கு ஒரு புது வித்தையாவது கற்றுக் கொள்ளுங்கள். கண்டதை டாக்டரிடம் அஞ்சாமல் சொல்லுங்கள். சங்கமாகச் சேருங்கள் என்பதாகும். ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்குச் சொல்லுவது, தேர்ச்சிக்குத் தக்க சம்பளமும் உயர்வும் கொடுங்கள் என்பதாகும். “ராத்திரி வேலைக்குப் போகிற பெண் வேண்டாம்” என்று சம்பந்தம் பேச வந்த இடத்தில் எழுந்து போகும் பெரிய மனிதர்களுக்கும் ஒரு வார்த்தை: நடுநிசியில் உங்கள் மார்பு வலித்தால், அங்கே விழித்துக் கொண்டிருக்கப் போகிறவள் அந்தப் பெண்தான்.