ஊதாங்குழலும் இன்ஹேலரும்

"புகை, தூசி படாம பாத்துக்கங்கம்மா." ஆஸ்துமாவுக்கு மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர் என் அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான். அம்மா தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் இன்ஹேலரை அலமாரியில் வைத்துவிட்டு ஊதாங்குழலைக் கையில் எடுத்தார். மழைக்காலம், ஈர விறகு. ஊதினால்தான் பற்றும். ஊதுவதற்கு மூச்சு வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் காலனிகளில் இழுப்பு என்றும் வீசிங் என்றும் சொல்லிக்கொண்டு இப்படி அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பலர். ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுக்குழாயில் விறகுப் புகையின் நுண்துகள் பட்டால் குழாய் சுருங்கும், சளி கட்டும், நெஞ்சுக்குள் விசில் கேட்கும். இரவானால் கொசுவத்தி. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள்களைக் கக்குகிறது என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. சாக்கடையைத் தெருவில் தேங்கவிட்டுவிட்டுக் கொசுவத்தியை நிறுத்தச் சொல்வது சுலபம்.

டாக்டர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் மனதில் இருந்த வீடு வேறு. தனிச் சமையலறையும் எதிரெதிர் சன்னலும் உள்ள வீடு அது. நமக்குக் கிடைத்தது தொகுப்பு வீடு. இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 20 சதுர மீட்டராக இருந்தது. அதற்குள்ளேதான் அடுப்பு, பாய், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம். (திட்ட விதிகளில் புகையில்லா அடுப்பும் இருந்தது. காலனி வீடுகளுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும்.) ஊர்த்தெருவிலும் விறகு எரிக்கிறார்கள். அங்கே கொல்லை இருக்கிறது, பின்கட்டு இருக்கிறது, புகை போக வழி இருக்கிறது. ஒரே சீமைக்கருவை விறகுதான். ஊருக்கு வெளியே அளந்து கொடுத்த இரண்டு மூன்று சென்டுக்குள் எரியும்போது அது வேறு புகையாகிவிடுகிறது. வேங்கைவயலுக்குப் பிறகு குடிநீரில் சாதியைப் பேசுகிறோம். காற்றில் இன்னும் பேசவில்லை.

காஸ்தான் வந்துவிட்டதே என்பார்கள். 2016 மே மாதம் உஜ்வலா தொடங்கியது, இணைப்பும் வந்தது. சிலிண்டருக்கு முழுத்தொகையையும் முதலில் கட்ட வேண்டும், மானியம் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். நூறு நாள் வேலைக் கூலி எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் காஸ் அடுப்பு டீ போடவும் விருந்தாளி வந்தால் பற்றவைக்கவும்தான். சோறும் வெந்நீரும் விறகில். அந்த விறகும் சும்மா வருவதில்லை. அடுத்தவர் காட்டில் சுள்ளி பொறுக்கினால் பேச்சு வாங்க வேண்டும்.

2002இல் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளை அளந்து எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. விறகு எரிக்கும் வீட்டில் சமைப்பவர் சுவாசிக்கும் நுண்தூசி, நாளொன்றுக்குச் சராசரியாகக் கனமீட்டருக்கு 231 மைக்ரோகிராம். சமைக்காதவருக்கு 90. இந்த இடைவெளிக்கு அரசை மட்டும் குறை சொல்ல முடியாது. வாசலில் உட்கார்ந்து நான் அம்பேத்கரைப் படித்துக்கொண்டிருந்த வருடங்களில் அம்மா உள்ளே இருமிக்கொண்டிருந்தார். எழுந்து போய் உலையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. மானியத்தைக் கழித்துக்கொண்டே சிலிண்டரைக் கொடுக்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்தப் பையில் இன்ஹேலரும் எல்லா ஊரிலும் இருக்கட்டும். இப்போது கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடியில் எழும்பிக்கொண்டிருக்கிறது. உங்கள் காலனியில் கட்டுகிறார்கள் என்றால், கான்கிரீட் போடுவதற்கு முன் தோழர்கள் ஒருமுறை போய்க் கேளுங்கள்: அடுப்பு எங்கே வருகிறது, புகை எந்த வழியாகப் போகும்?