வீட்டில் காலணி ஒட்டுவோருக்கு: பசை ஆவியும் மின்பொறியும்

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, மின்விசை பயன்படுத்தும் தொழிற்சாலைக்கான பணியாளர் வரம்பை 10-இலிருந்து 20 ஆக உயர்த்தியுள்ளது. ஆம்பூர்ப் பகுதியில் வீட்டிலேயே காலணி தைத்து ஒட்டும் நீங்கள் பழைய வரம்புக்குள்ளும் வந்ததில்லை. எனவே அறையின் காற்றோட்டம் உங்கள் பொறுப்பாகிறது.

சில பசைகளிலுள்ள ஹெக்சேன் நரம்புகளைச் சிதைக்கும். 1960-களில் ஜப்பானில் வீடுகளில் செருப்பு ஒட்டியோர் இவ்வாறே கைகால் வலுவிழந்தனர். காற்றினும் கனமான இந்த ஆவி தரையருகே தங்கும். அங்கேதான் நீங்கள் அமர்கிறீர்கள், குழந்தையும் தவழ்கிறது. கூரை விசிறி அதைக் கலக்குமேயன்றி அகற்றாது. சன்னலில் விசிறி வைத்து வெளிக்காற்றை உள்ளே செலுத்துங்கள். எதிர்ச்சுவரின் அடியில் தெருப்பக்கம் திறப்பு வேண்டும். ஆவி எளிதில் தீப்பற்றுமாதலால் சுவிட்சும் தையல் இயந்திர மோட்டாரும் பசைக்கு அருகில் இருத்தலாகாது. அடுப்பு அறவே கூடாது.

கால்விரல் மரத்தாலோ, நடக்கையில் செருப்பு தானே நழுவினாலோ, பசை டப்பாவுடன் அரசு மருத்துவமனைக்கு வாருங்கள்.